மணல்மேட்டில் நடந்த எல்லைக்கல்

அத்தியாயம் 5

"பேயைக் கைது பண்ணச் சட்டத்துல இடம் இல்லை. அதனாலதான் எங்ககிட்ட வந்தீங்களா சார்?" என்று கேட்டான் நடராஜ்.

கேட்டிருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்திருந்த மகேஸ்வரன் சிரிக்கத் தெரிந்தவர் மாதிரியே தெரியவில்லை. எல்லைக்கல் நடும் பிரிவில் ஆய்வாளர். முப்பத்தைந்து வயதுக்குள் நெற்றியில் ஐம்பது வயதுச் சுருக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு மேல் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்ததிலிருந்து ஒருமுறை கூட நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை.

"இவன் கிடக்கான். நீங்க சொல்லுங்க" என்றாள் டெபோரா. பதினாறு வருஷம் போலீசில் இருந்துவிட்டு, பொய் எழுதச் சொன்ன ஓர் அதிகாரியின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். நடராஜுக்குச் சம்பளம் கொடுப்பவளும் அவள்தான், கொடுக்க மறப்பவளும் அவள்தான்.

விஷயம் இதுதான். அரசாங்கம் தலையை எண்ணி, வருமானத்தைப் பார்த்து, ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று ஊர்களுக்கு வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மேல்வகுப்புக்குப் போனால் வீடே சந்தோஷப்படும். ஊர் மேல்வகுப்புக்குப் போனால் பாதிப் பேருக்குச் சந்தோஷம், மீதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். அந்த வருஷம், தொண்ணூற்று நாலில், திருநெல்வேலி மாநகராட்சி ஆனது. தச்சநல்லூருக்கு வடக்கே மணல்மேடு என்கிற சின்ன ஊரின் ஓரத்தில் புது எல்லை விழுந்தது. அந்த எல்லையில் மகேஸ்வரன் ஒரு கல் நட்டார். கல் நகர்ந்தது. திரும்ப நட்டார். திரும்ப நகர்ந்தது. மூன்றாம் முறையும் அதே கதை.

"கல்லு நடக்குதுன்னு ஊருக்குள்ள பேச்சு. பொழுது சாஞ்சா அங்கன ஒரு பொம்பளை தாலாட்டு பாடுத சத்தம் கேக்குதாம். கூலிக்கு ஆளு வர மாட்டேங்கான்" என்றார் மகேஸ்வரன். "நாளைக்குக் காலையில கல்லைப் பழைய இடத்துலயே நட்டு, சுத்திக் கான்கிரீட் போட்டு இறுக்கப் போறேன். மேலதிகாரி உத்தரவு. கல்லு நிக்கிற தோட்டம் நேசையான்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரோடது. மாநகராட்சியில சேக்கக் கூடாதுன்னு மனு போட்டவரு. அவரு மேல புகாரும் எழுதியாச்சு."

"எழுதியாச்சுன்னா நாங்க எதுக்கு?"

மகேஸ்வரன் மேஜை விளிம்பைப் பார்த்தார். "மனசு ஒப்பலைம்மா. கேஸ் ஆச்சுன்னா அவரு பென்ஷன் நின்னுரும். இது ஆபீஸுக்குத் தெரியாது, நானா வந்திருக்கேன். செஞ்சது வேற ஆளுன்னா கான்கிரீட் போடுததுக்கு முந்தி சொல்லிருங்க."

அவர் படியிறங்கிப் போன பிறகு நடராஜ், "நல்ல மனுஷன்தான். கொஞ்சம் சிரிச்சா செத்தா போவாரு" என்றான்.

"சிரிச்சுக்கிட்டு இருந்த மனுஷன்தாம்லே. எப்பவோ விட்டிருக்காரு" என்றாள் டெபோரா. "ஸ்கூட்டரை எடு."

* * *

மணல்மேட்டில் பேயைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அலிமா பீவியின் டீக்கடைக்குத்தான் போக வேண்டும். பேய் வருகிற வரைக்கும் சாயங்கால வியாபாரம் அமோகமாக இருந்த கடை. இப்போது அஞ்சு மணிக்கே பெஞ்சு காலி.

"நானும் கேட்டிருக்கேன் வாப்பா" என்றாள் அலிமா பீவி, நடராஜுக்கு வடையை நீட்டிக்கொண்டே. "பள்ளிவாசல்ல பாங்கு சொல்லி முடிச்ச பொறவு ஆரம்பிக்கும். பிள்ளையை உறங்க வைக்கிற பாட்டுதான். பாட்டுக்கு ஒண்ணும் நான் பயப்படல. பிள்ளை அழுத சத்தம் ஒருநா கூடக் கேக்கல பாருங்க, அதான் ஈரக்குலையே நடுங்குது."

நடராஜ் வடையை மெல்லுவதை நிறுத்தினான். நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், இருந்தது.

"கல்லு நட்டதுக்குப் பொறவுதான் பாட்டா?" என்று கேட்டாள் டெபோரா.

"அதுக்கு முந்தியே எப்பவாச்சும் கேக்கும், யாரும் கண்டுக்கல. கல்லு நட்ட பொறவுதான் அடிக்கடி. கல்லு நட்ட ஆபீசரும் நம்ம ஊரு மாப்பிள்ளைதான். பொண்ணோட தகப்பனார் மவுத்தாகி, மனுசன் போயி வருசம் ஒண்ணாச்சு, வீடு பூட்டிக் கிடக்கு. அவரு ஜீப்பை விட்டு இறங்குனா வேலையை முடிச்சிட்டு ஏறிப் போயிருதாரு. ஒரு டீ குடிக்க மாட்டேங்காரு."

நடராஜ் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. இரண்டாவது வடையில் மிளகு எங்கே இருக்கிறது என்ற ஆராய்ச்சியில் இருந்தான். வாங்கியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

* * *

நேசையாவின் வாழைத் தோட்டத்து ஓரத்தில், காலி மண்ணில், எல்லைக்கல் கிடந்தது. இடுப்பு உயரக் கருங்கல். படுத்துக்கிடந்தாலும் அதைப் பார்க்கும்போது யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஓர் எண்ணம் நடராஜுக்கு வந்தது. அதை அவன் வெளியே சொல்லவில்லை. சொன்னால் டெபோரா அந்தக் கல் பக்கத்திலேயே அவனைக் காவலுக்கு உட்கார வைத்துவிடுவாள்.

கல் முதலில் நின்ற குழி அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, கல் நகர்ந்து போய்க் கிடந்த மூன்று இடங்களும் மண்ணில் தடமாகத் தெரிந்தன. டெபோரா ஒவ்வொன்றாக நடந்து பார்த்தாள்.

"எல்லைக்கு இந்தப் பக்கம் தெற்க மாநகராட்சி, அந்தப் பக்கம் வடக்க ஊராட்சி. முதல் தடவை கல்லு வடக்க போயிருக்கு. யாருக்கு லாபம்?"

"மனை விக்கிற இன்பமணிக்கு. வழியில போர்டு பாத்தோமே, வடக்க அவரு நிலம் இருக்கு. மாநகராட்சிக்குள்ள வந்தா விலை எகிறும்."

"ரெண்டாவது தடவை தெற்க."

"அப்ப வாத்தியாருக்கு லாபம். தோட்டம் வெளிய நின்னுரும். வீட்டுவரி, தண்ணிவரி எதும் ஏறாது."

"மூணாவது தடவை எல்லைக் கோட்டு மேலயே நேர் கிழக்க போயிருக்கு. இதுல யாருக்குலே லாபம்?"

நடராஜ் யோசித்தான். "கல்லுக்கு. காத்து வாங்கப் போயிருக்கும்."

டெபோரா சிரிக்கவில்லை. "மூணு தடவையும் ஒரே அளவு, ஒரு ஆளு நீளம். எல்லையைத் திருடுதவன் கல்லை ஒரு பக்கமாத் தள்ளுவான். இந்தக் கல்லு எங்கயும் போகப் பாக்கல நடராஜா. ஒரு இடத்தை விட்டு விலகப் பாக்குது. அவ்வளவுதான்."

அந்த இடம் எது என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் காலிக் குழியைப் பார்த்தார்கள். குழியின் ஓரமெங்கும் எறும்பு. கல் கிடந்த மற்ற இடங்களில் ஒன்று கூட இல்லை. நடராஜ் குனிந்து மண்ணைத் தொட்டு மோந்து பார்த்தான்.

"பாலு, அக்கா. சீனி போட்டிருக்கு." சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. "பேய்க்குப் பால் ஊத்துதவன் யாரு?"

"இல்ல பேயே ஊத்துதோ?" என்றாள் அவள். இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவளுக்கு வேடிக்கை வரும்.

கல்லின் அடியில் நசுங்கிய வாழைத்தண்டுத் துண்டுகள் ஒட்டியிருந்தன. கடப்பாரையால் நெம்பி, தண்டை அடியில் கொடுத்து உருட்டினால் இந்தக் கல்லை நகர்த்த நாலு ஆள் வேண்டாம், நெம்புகோல் பாடம் நடத்திய ஒரு வாத்தியார் போதும். அந்த வாத்தியாரே வரப்பில் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த கண்ணாடி, கையில் மண்வெட்டி.

"ஐயா, இங்கன கல்லறை எதும் இருக்கா?" என்று கேட்டாள் டெபோரா.

"எங்க குடும்பத்துக் கல்லறை எல்லாம் பாளையங்கோட்டையில, சபைத் தோட்டத்துல இருக்கும்மா. நீங்க போய்ப் பாக்கலாம்."

"கல்லை நீங்கதான் உருட்டுனீங்களா?"

"என் நிலத்துல எது கிடந்தாலும் நான்தான் பொறுப்பு."

"நாளைக்கு உங்க மேல கேஸ் ஆகப் போகுது. பென்ஷன் போயிரும்."

"போகட்டும்மா" என்றார் நேசையா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு உதவி செய்ங்க. பொழுது சாயுததுக்கு முந்தி ரெண்டு பேரும் இங்கனருந்து போயிருங்க."

அவர் திரும்பிப் போனதும், "மிரட்டுதாரா?" என்றான் நடராஜ்.

"கெஞ்சுதாருலே. அதுபோக, பொய் சொல்ல வராத மனுஷன். நான் கேட்டது இங்கன இருக்கான்னு. அவரு சொன்னது எங்க குடும்பத்துக் கல்லறை இல்லைன்னு." டெபோரா தோட்டத்தின் ஓரமெல்லாம் தேடினாள். ஒரு சிலுவை இல்லை, கல் இல்லை, செங்கல் கூட இல்லை. "ஆனா கல்லறையையும் காணோமே" என்று முணுமுணுத்தாள்.

* * *

பம்பு செட் அறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வானம் செம்மண் நிறமாகிப் பிறகு கறுத்தது. தூரத்தில் பாங்கு சொல்லி ஓய்ந்தது. வாழை இலைகள் அசைந்த சத்தம் கூட நின்றுபோன மாதிரி இருந்தது. நடராஜ் தெரிந்த தேவாரம் ஒன்றை மனசுக்குள் ஆரம்பித்தான். இரண்டாவது அடி மறந்துபோனது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ஆராரோ என்று பைய, யாரையும் எழுப்பிவிடாத குரல். வெள்ளை மாதிரி ஒரு சேலை வரப்பில் வந்துகொண்டிருந்தது. நடராஜ் டெபோராவின் கையைப் பிடித்தான். நகம் பதிந்திருக்கும், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உருவம் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்று குனிந்தது.

"அக்கா" என்று காற்றாகச் சொன்னான் நடராஜ். "பேய் செருப்பைக் கழட்டி வைக்குது."

ரப்பர் செருப்பு இரண்டையும் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பெண் மண்ணில் உட்கார்ந்தாள். சின்னத் தூக்குப் பாத்திரத்திலிருந்து பாலை ஊற்றினாள். ஒரு கையால் மண்ணைத் தட்டிக்கொண்டே பாடினாள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தட்டுவதுபோல. பாட்டுக்கு நடுவில் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது. கொஞ்ச தூரத்தில் நேசையா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்துக் காவலுக்கு நிற்பவர் மாதிரி நின்றிருந்தார்.

பயம் நடராஜை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பயத்தைவிடக் கனமாக இருந்தது. அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, டவுன் பஸ் நிற்கிற பக்கமாகப் போகிற வரை இரண்டு பேரும் மறைவிலேயே இருந்தார்கள்.

"எங்க கிறிஸ்தவ சபையில பிறந்து ஒருநாள் இருந்த பிள்ளைக்கும் கல்லு வைப்போம்லே" என்றாள் டெபோரா கடைசியில். "பேரு போட்டு, வசனம் போட்டு. அதனாலதான் நான் கல்லைத் தேடிக்கிட்டு அலைஞ்சேன்."

"எங்கள்ல அப்படி இல்லக்கா." நடராஜின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "பெரியவங்களைத்தான் எரிப்பாவ. பிஞ்சுப் பிள்ளையைப் புதைப்பாவ. மேல ஒண்ணும் வைக்க மாட்டாவ. எந்த இடம்னு பெத்தவங்க கேக்கவும் கூடாதும்பாவ. கேட்டா அடுத்த பிள்ளை தங்காதாம். எனக்கு முந்தி எங்க அம்மைக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை. எங்கன கிடக்கான்னு அம்மைக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

டெபோரா அவன் தோளில் கை வைத்தாள். சம்பள விஷயத்தில் எப்படியோ, இதில் அவள் கஞ்சம் கிடையாது.

"அப்ப கல்லை அந்தப் பிள்ளையோட நெஞ்சு மேலயா நட்டிருக்காங்க?" என்றான் அவன்.

"அதான் விலகி விலகிப் போகுது."

"வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சே. எதுக்கு ஜெயிலுக்குப் போகணும்?"

"ஊராட்சியில சொந்தத் தோட்டத்துல புதைச்சா கேக்க நாதி இல்ல. மாநகராட்சி எல்லைக்குள்ள, அனுமதி இல்லாத இடத்துல அடக்கம் பண்ணுனது தெரிஞ்சா, தோண்டி எடுத்து மயானத்துக்குக் கொண்டு போங்கம்பான். எல்லை அந்தக் குழி மேலயே போகுது. வாயைத் திறந்தா பிள்ளையைத் தோண்டுவான், திறக்காட்டா வாத்தியாரைப் பிடிப்பான். அவரு ரெண்டாவதை எடுத்துக்கிட்டாரு."

"அந்தப் பொண்ணு யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"கண்டுபிடிச்சாச்சு. இருட்டுல பஸ்ஸைப் பிடிச்சுப் போறான்னா இந்த ஊர்ல அவ வீடு பூட்டிக் கிடக்குன்னு அர்த்தம். அலிமா பீவி சொன்னாங்களே. நீ வடையோட பேசிக்கிட்டு இருந்தே."

* * *

காலையில் கலவை தயாராக இருந்தது. கொத்தனார் கரண்டியுடன் நின்றார். கல்லைப் பழைய குழியில் இறக்க இரண்டு ஆட்கள் வடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புகாரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓர் ஏட்டு ஜீப்பில் சாய்ந்திருந்தார். நேசையா சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு சின்னப் பையுடன், கூட்டிப் போனால் போவதற்குத் தயாராக வரப்பில் நின்றார். மகேஸ்வரன் குழியின் விளிம்பில் பூட்ஸ் காலோடு நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது சார். எல்லை மேல அவங்களுக்கு ஆசையும் இல்ல, கோவமும் இல்ல. இந்தக் குழியில மட்டும் கல்லு நிக்கக் கூடாது. இதுக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு."

மகேஸ்வரன் சட்டென்று ஓரடி பின்னால் போனார். ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். "யாரு பிள்ளை? எப்பப் புதைச்சது? அனுமதி வாங்கினாங்களா?"

நேசையா கண்ணை மூடிக்கொண்டார்.

"அது எதும் நான் கேக்கல சார்" என்றாள் டெபோரா. "அந்தப் பிள்ளையோட அம்மா பாடுனதை மட்டும் கேட்டோம். தாலாட்டுல ஒரு பேரு வந்துது. அனுராதா."

நடராஜ் மகேஸ்வரனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனிதரின் கையிலிருந்த அளவு நாடா தானாகச் சுருண்டு உள்ளே போனது. அதை அவர் கவனிக்கவில்லை.

"அந்தப் பேரு யாருக்கும் தெரியாதே" என்றார். "பொம்பளைப் பிள்ளை பிறந்தா வைக்கணும்னு நானும் விஜியும் பேசி வச்சது. வெளிய யாருட்டயும் சொல்லலையே."

நேசையா பக்கத்தில் வந்தார்.

"தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல, சார். விஜயஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு இங்கன அப்பா வீட்டுல இருந்தா. உங்களுக்கு வெள்ள நிவாரண வேலை, ரோடெல்லாம் தண்ணி, தகவல் சொல்லக்கூட வழி இல்ல. பிள்ளை பிறந்து மூணு நாளு இருந்துது. ஆத்தங்கரையில எப்பவும் புதைக்கிற இடம் தண்ணிக்குள்ள போயிருச்சு. உங்க மாமனார் துணியில சுத்தின பிள்ளையோட என் வாசல்ல வந்து நின்னாரு. என் தோட்டத்தைக் காட்டுனேன். அவரு சாகுததுக்கு முந்தி இடத்தை மகளுக்குச் சொல்லிட்டாரு. நீங்களா கேக்காம உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு விஜயஸ்ரீ என்கிட்ட வாக்கு வாங்கிட்டா."

"நான் ஆத்தங்கரைன்னு நெனச்சேன்" என்றார் மகேஸ்வரன். "கேக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொன்னாவ. நானும் கேக்கல."

கொத்தனார் தயங்கித் தயங்கி, "சார், கலவை இறுகுது" என்றார்.

மகேஸ்வரன் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். கயிறு சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிய்த்தார். வெறுங்காலோடு நின்று நேசையாவைப் பார்த்து, "தலை எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டார்.

"தெற்க. உங்க மாமனார்தான் அப்படி வைக்கச் சொன்னாரு."

அவர் தெற்குப் பக்கத்திலிருந்து விலகி வந்து நின்றார். பிறகு கொத்தனாரிடம் திரும்பினார். "கல்லு இப்பக் கிடக்குத இடத்துலயே நடுங்க. எல்லைப்புள்ளி கிணத்துல, பாறையில விழுந்தா, தள்ளி நட்டு தூரத்தைக் குறிச்சுக்கிடலாம்னு விதி இருக்கு."

"இங்கன கிணறும் இல்ல, பாறையும் இல்லையே சார்."

"இருக்குவே" என்றார் மகேஸ்வரன். "நடுங்க." ஏட்டிடம் கையை நீட்டிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நேசையா தன் கையில் இருந்த பையை என்ன செய்வது என்று தெரியாமல் வரப்பில் வைத்தார்.

டவுன் பஸ் நின்றது. இறங்கிய பெண் தலைகூட வாராமல் வந்திருந்தாள். கான்கிரீட் போடுவதைத் தடுக்க ஓடி வந்தவள், கல் வேறு இடத்தில் நிமிர்வதையும், புருஷன் வெறுங்காலோடு மண்ணில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து வரப்பிலேயே நின்றுவிட்டாள். நடராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல ஒரு கிண்டலும் வராமல் டெபோராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மகேஸ்வரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "விஜி" என்றார். "நம்ம பிள்ளை யாரு மாதிரி இருந்தா?"

விஜயஸ்ரீ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் அவள்.

"மூக்கு, வாய் எல்லாம் என்னைய மாதிரி" என்றாள். "காது மட்டும் உங்களுது."

மகேஸ்வரன் பைய கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.